செம்பனையில் உலாட் புங்குஸ்: ரோட்டோரம் பூச்செடி நட்டா நிஜமாவே குறையுமா?

பாரிட்14 (ஊத்தான் மெலிந்தாங், பேராக்) · மார்ச் 3

எல்லாருக்கும் வணக்கம். அப்பா விட்டுட்டுப் போன ஏழு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை), மரத்துக்கு வயசு 11. ரெண்டு வருஷமா உலாட் புங்குஸ் தொல்லை. இலைத் துண்டால பை பின்னி அதுக்குள்ள இருந்துக்கிட்டே மட்டையைத் தின்கிற புழு. தமிழ்ல பைப்புழுன்னு எழுதுறாங்க, நான் அப்படியே எழுதுறேன்.

போன வருஷம் மருந்துக் கடையில கேட்டதுக்கு சைபர்மெத்ரின் அடிக்கச் சொன்னாங்க. மிஸ்ட் புளோவர் வாடகைக்கு எடுத்து அடிச்சோம். ரெண்டு நாள்ல புழு பொலபொலன்னு கொட்டிச்சு. மூணு மாசம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு, திரும்ப அடிச்சோம். அதுக்கடுத்து வந்தது முன்னாடி வந்ததை விட அதிகம். பாரிட் (வாய்க்கால்) ஓரம் ரெண்டு வரிசையில மட்டையெல்லாம் தீயில வாட்டின மாதிரி நிக்குது.

பக்கத்து எஸ்டேட்ல ரோட்டோரமா வெள்ளைப் பூவும் மஞ்சப் பூவும் நட்டு வச்சிருக்காங்க. அங்க வேலை பாக்குற ஒருத்தரைக் கேட்டேன். "அது குளவிக்குச் சாப்பாடு, குளவி வந்து புழுவைப் பாத்துக்கும்"னு சொன்னார். உண்மையா, இல்ல சும்மா அழகுக்கா? செலவு பண்ணலாமா?

கிராணிமகன் (கிள்ளான்) · மார்ச் 3

ஆடிட்டர் காடி எந்த ரோட்டுல வருமோ அந்த ரோட்டுல மட்டும் பூ இருக்கும். பிளாக்குக்கு உள்ள நடந்து பாருங்க, ஒரு செடி இருக்காது. 2020-லருந்து எம்எஸ்பிஓ (மலேசியாவோட நிலையான செம்பனை எண்ணெய்) சான்றிதழ் கட்டாயம்னு ஆனதும் எங்க பக்கம் நர்சரிக்காரங்களுக்கு நல்ல வியாபாரம். குளவிக்கு நல்லதோ என்னமோ, ஃபைலுக்கு நல்லது.

ஓய்வுமண்டோர் (தெலுக் இந்தான்) · மார்ச் 4

பாரிட் தம்பி, பூவை அப்புறம் பேசுவோம். சைபர்மெத்ரினை மூணாவது தடவை அடிச்சிராதே.

இந்தக் கதை எங்கப்பா காலத்துலயே நடந்தது. அம்பதுகள் கடைசியில, அறுபதுகள் ஆரம்பத்துல, செம்பனையில ஏதாவது பூச்சி தென்பட்டா டிடிடி, எண்ட்ரின், டில்ட்ரின்னு அடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் பைப்புழு கட்டுக்கு அடங்காமப் போச்சு. பிரையன் வுட்னு ஒரு வெள்ளைக்காரப் பூச்சி நிபுணர் இதைத் தேடிப் பார்த்து, மருந்து புழுவை விடக் குளவியைத்தான் அதிகமாக் கொல்லுதுன்னு எழுதி வச்சார். 1968-ல மலேசியச் செம்பனைப் பூச்சிகளைப் பத்திப் புத்தகமே போட்டார். அந்த மாதிரி மருந்தை நிறுத்தின எஸ்டேட்ல புழு தானா அடங்கிச்சு. பைக்குள்ள இருக்கிற புழுவுக்கு வீடு இருக்கு, வெளிய பறக்கிற குளவிக்கு என்ன இருக்கு?

இன்னொண்ணு. நம்ம செம்பனைக்குக் காய் பிடிக்க வைக்கிறது ஒரு சின்ன வண்டு. 1981-ல கேமரூன்லருந்து கொண்டு வந்து விட்டாங்க. அதுக்கு முன்னாடி எங்கம்மாதான் அந்த வண்டு. பெரட்டு (காலையில ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சதும் மகரந்தப் பொடியை டால்க்குல கலந்து மரம் மரமா ஊதிக்கிட்டுப் போவாங்க. நீ பூ விரிஞ்ச நேரத்துல சைபர்மெத்ரின் அடிச்சா அந்த வண்டும் போகும். அப்புறம் குலை ஏன் பாதி காயா வருதுன்னு இங்க வந்து இன்னொரு இழை தொடங்குவே.

கேள்வி: பையைப் பிரிச்சுப் பார்த்தியா?

பாரிட்14 · மார்ச் 4

பிரிச்சதில்ல அண்ணே. எதுக்குப் பிரிக்கணும்?

பூச்சிக்கணக்கு (குளுவாங், ஜொகூர்) · மார்ச் 5

எஸ்டேட் ஒண்ணுல பூச்சி சென்சஸ் எடுக்கிறது என் வேலை. ஒன்பது வருஷமா மட்டையை எண்ணிக்கிட்டு இருக்கேன். மண்டோர் (கங்காணி) அண்ணன் கேட்டது சரியான கேள்வி, அதுலருந்தே தொடங்கலாம்.

முதல்ல எந்தப் பைப்புழுன்னு தெரியணும். நம்ம நாட்டுல முக்கியமா மூணு வகை. பை ஒரு அங்குலத்துக்கு மேல, காய்ஞ்ச இலைத் துண்டு தாறுமாறா ஒட்டி இருந்தா மகசேனா கார்பெட்டி. அதை விடச் சின்னது, ஓரளவு வழுவழுன்னு, கூட்டுப்புழு ஆனதும் கொக்கி மாதிரிக் குட்டைக் காம்புல தொங்கினா மெட்டிசா பிளானா. எல்லாத்தையும் விடச் சின்னது, நீளமான நூல்ல ஊஞ்சல் மாதிரி ஆடினா டெரோமா பெண்டூலா. பேராக்ல கடைசி ரெண்டும் சகஜம்.

அப்புறம் ஒரு மட்டையை இறக்கி, அம்பது அறுபது பையை நகவெட்டியால நீளவாக்குல வெட்டிப் பாருங்க. பிளேடு வேணாம், புழு ரெண்டாப் போயிரும், ஒண்ணும் தெரியாது.

உள்ள என்ன தெரியும்?

கொழுகொழுன்னு புழு, தொட்டா நெளியும்: உயிரோட இருக்கு.

பையோட அடி நுனியில காலிக் கூடு பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஆண் அந்துப்பூச்சி பறந்து போயிருச்சுன்னு அர்த்தம்.

பையோட பக்கவாட்டுல ஊசியால குத்தின மாதிரி உருண்டையா சுத்தமான ஓட்டை இருந்தா, அது குளவி வெளிய வந்த வாசல். உள்ள தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கும்.

சில பையில புழுவுக்குப் பக்கத்துலயே அரிசி நுனி மாதிரி வெள்ளையா ஒரு சின்னக் கூடு இருக்கும். அதைப் பார்த்தா சந்தோஷப்படுங்க, குளவி இன்னும் வெளிய வரல. அதை நசுக்காதீங்க.

இந்தக் கணக்கு இல்லாம மருந்து அடிக்கிறது கண்ணைக் கட்டிக்கிட்டு அடிக்கிற மாதிரிதான். பாதிப் பையில ஓட்டை இருக்கிற நேரத்துல அடிச்சா, வேலையை முடிக்கப் போறவனைக் கொன்னுட்டு எதிரிக்கு வழி விடுறோம்.

பாரிட்14 · மார்ச் 8

அக்கா, வெட்டிட்டேன். மெட்டிசா பிளானான்னுதான் நினைக்கிறேன், குட்டைக் காம்பு. மொத்தம் 60 பை. உயிரோட 41, பக்கவாட்டு ஓட்டை 5, அடியில கூடு நீட்டினது 6, மத்தது காலி, ஒண்ணும் புரியல. அந்த அரிசி நுனி ஒண்ணு கூட இல்ல. மட்டைக்கு 20 புழுவுக்கு மேல வருது.

அந்த நகவெட்டி இனிமே எனக்கு மட்டும்தான்னு வீட்டுல முடிவாயிருச்சு.

பூச்சிக்கணக்கு · மார்ச் 8

60-க்கு 5 ரொம்பக் கம்மி. ரெண்டு தடவை சைபர்மெத்ரின் அடிச்ச இடத்துல வேற எதிர்பார்க்க முடியாது. எங்க கணக்குல மட்டைக்கு 10 தாண்டினா சும்மா இருக்க மாட்டோம். பாதி இலை போச்சுன்னா அடுத்த ரெண்டு வருஷத்துக்கு 30-லருந்து 40 சதவீதம் வரைக்கும் குலை குறையலாம். அதனால பூ மட்டும் நட்டுட்டுக் காத்திருங்கன்னு நான் சொல்ல மாட்டேன். பூ நட்டு அது பூத்து குளவி பெருகிறதுக்குள்ள உங்க மரம் குச்சியா நிக்கும்.

இப்போதைக்கு பிடி (Bt) அடிங்க, பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ்ங்கிற பாக்டீரியா மருந்து. அது இலையோட சேர்த்து வயித்துக்குள்ள போனாத்தான் வேலை செய்யும். இலை தின்னாத குளவிக்கும் வண்டுக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா நேரம் முக்கியம். கூட்டுப்புழு ஆனது சாப்பிடாது, அதுக்கு அடிச்சு பிரயோஜனம் இல்ல. முட்டை பொரிச்சு ரெண்டு மூணு வாரத்துக்குள்ள, பை மிளகு அளவுல இருக்கிறப்ப அடிக்கணும். உங்க புழு இப்ப பெருசா?

பாரிட்14 · மார்ச் 8

பெருசு. பாதி தொங்க ஆரம்பிச்சிருச்சு.

பூச்சிக்கணக்கு · மார்ச் 9

அப்ப இந்தத் தலைமுறையை விட்டுருங்க. இதோட ஒரு சுத்துக்கு சுமாரா மூணு மாசம். வாரம் ஒரு தடவை அதே மட்டைகளைப் பாருங்க. குட்டிப் பை தெரிஞ்ச உடனே பிடி. துனாஸ் அதிகாரியையும் (செம்பனை வாரியத்தோட ஆலோசனை அதிகாரி) கூப்பிடுங்க. 2013-லருந்து பைப்புழு சட்டப்படி ஆபத்தான பூச்சி, தகவல் சொல்றது உங்க கடமையும் கூட.

இனி பூ விஷயம். நீங்க கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

குளவி புழுவுக்கு மேலயோ உள்ளயோ முட்டை வைக்கும். குஞ்சு புழுவைத் தின்னு வளரும். ஆனா வளர்ந்து இறக்கை முளைச்ச குளவி புழுவைத் தின்னு வாழாது. அதுக்கு இனிப்பு வேணும், நம்ம காலைத் தேத்தண்ணி மாதிரி. இனிப்பு கிடைக்கலன்னா ரெண்டு மூணு நாள்ல செத்துரும்.

பைப்புழு வந்த தோட்டத்துல எல்லாப் புழுவும் ஏறக்குறைய ஒரே வயசுல இருக்கும், உங்க மட்டையில பாருங்க. டோலிகோஜெனிடியா மெட்டேசேன்னு ஒரு கறுப்புக் குளவி, கொசுவை விடச் சின்னது, இந்தப் புழுவுக்கு முக்கியமான எதிரி அதுதான். அது வெளிய வர்ற நேரத்துல முட்டை வைக்கத் தோதான இளம்புழு தோட்டத்துல இருக்காது. அடுத்த தலைமுறை பொரிக்கிற வரைக்கும் அது வாரக்கணக்குல உயிரோட காத்திருக்கணும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் பூ.

செம்பனைத் தோட்டம் அதுக்குப் பாலைவனம். மரத்தடியில களைக்கொல்லி, வரிசைக்கு நடுவுல களைக்கொல்லி, மேல மட்டை. ஒரு சொட்டுத் தேன் எங்க கிடைக்கும்?

பொள்ளாச்சிதென்னை · மார்ச் 9

குறுக்க வர்றேன், மன்னிச்சுக்குங்க. எங்களுக்கு செம்பனை இல்லீங்க, தென்னைதான். 2016-ல இங்க சுருள் வெள்ளை ஈ வந்தப்போ ஊரே மருந்து அடிக்கக் கிளம்புச்சு. வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்காரங்க அடிக்காதீங்க, என்கார்சியா குளவி தானா வருதுன்னாங்க. அடிக்காத தோப்புல இலைக்கு அடியில கறுத்துப் போன வெள்ளை ஈ குஞ்சுகளை நானே கண்ணால பார்த்தேனுங்க. கறுத்துச்சுன்னா உள்ள குளவி இருக்குன்னு அர்த்தம். ஆனா நாங்க பூ ஒண்ணும் நடலைங்களே, அப்புறம் எப்படி வந்துச்சு?

பூச்சிக்கணக்கு · மார்ச் 10

நல்ல கேள்விங்க. வெள்ளை ஈ தேன் மாதிரி கழிவை இலை மேல சொட்டிக்கிட்டே இருக்கும். உங்க தென்னை ஓலையில பிசுபிசுன்னு ஒட்டி, அப்புறம் கரி பூசின மாதிரி ஆகுமே, அதுதான். அந்தப் பிசுபிசுப்பே குளவிக்கு விருந்து. இரையும் சாப்பாடும் ஒரே இலையில.

பைப்புழு அப்படி எதையும் சொட்டாது. வறண்ட பை, வறண்ட எச்சம். அதனாலதான் இங்க சாப்பாட்டை வெளியில போட வேண்டியிருக்கு. எல்லாப் பயிருக்கும் ஒரே பதில் கிடையாது.

அல்லிவாசல் (சித்தியவான்) · மார்ச் 10

எங்க வீட்டு முன்னாடி செம்பருத்தி, ஜாதிமல்லி, இட்லிப்பூ எல்லாம் இருக்கு. கிளை வெட்டித் தரலாமா? பூன்னா பூதானே.

பூச்சிக்கணக்கு · மார்ச் 10

அக்கா, மனசுக்கு நன்றி, ஆனா அதுங்க உதவாது. செம்பருத்தித் தேன் குழாய்க்கு அடியில இருக்கு, இட்லிப்பூவும் அப்படித்தான். நீளமான குழல் நாக்கு உள்ள வண்ணத்துப்பூச்சிக்கும் தேன்சிட்டுக்கும் வச்ச ஏற்பாடு. நம்ம குளவிக்கு நாக்கு ரொம்பக் குட்டை. ஆழமான பூ அதுக்குக் கிணத்துத் தண்ணி, கயிறு இல்லாத வாளி. தேன் வெளியிலேயே தெரியணும்.

எங்க பக்கம் நடுறது நாலு.

டர்னெரா சுபுலாட்டா, பாரிட் பார்த்த வெள்ளைப் பூ அதுதான். நடுவுல கருஞ்சிவப்பு. இந்தோனீசியாக்காரங்க "புங்கா புக்குல் டெலாப்பான்", எட்டு மணிப் பூம்பாங்க. காலையில எட்டு மணிக்கு விரிஞ்சு மதியத்துல மூடிரும். ஆனா சங்கதி பூவுல மட்டும் இல்ல. இலையும் காம்பும் சேர்ற இடத்துல ரெண்டு பொத்தான் மாதிரி சுரப்பி இருக்கும். காலையில ஒன்பது மணிக்கு முன்னாடி ஃபோன் கேமராவைக் கிட்ட கொண்டு போய்ப் பாருங்க, ஒவ்வொரு பொத்தான்லயும் கண்ணாடி மாதிரி ஒரு சொட்டு நிக்கும். பூ மூடினாலும் அது சுரக்கும்.

கேசியா கோபனென்சிஸ், மஞ்சப் பூ. அந்தப் பூவுல தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். தேன் இலைக்காம்புச் சுரப்பியில. பூவைப் பார்த்துட்டு நடுறவங்களுக்கு இது தெரியாது. பூக்காத செடிகூடக் குளவிக்குச் சோறு போடும்.

அன்டிகோனான், நம்ம கொடி ரோஜா. மலாய்ல "ஆயிர் மாத்தா பெங்கான்தின்", மணப்பெண் கண்ணீர். சின்னச் சின்னப் பூ, தேன் மேலாப்புல. ஆனா பந்தல் போடணும், விட்டா மரத்துல ஏறிரும்.

நாலாவது யூஃபோர்பியா ஹெட்டிரோஃபில்லா. பால் வடியுற காட்டுச்செடி. நடவே வேணாம், பிடுங்காம இருந்தாப் போதும்.

இன்னொரு நல்ல விஷயம். இந்தத் தேனால பைப்புழுவுக்கு ஒரு லாபமும் இல்ல. பெண் அந்துப்பூச்சிக்கு இறக்கையே கிடையாது, பையை விட்டு வெளிய வராமலே முட்டை போட்டுச் சாகும். ஆணுக்கு வாய் வேலை செய்யாது. பந்தியில இலை போட்டா எதிரி வந்து உட்காருவானோன்னு பயப்பட வேண்டியதில்ல.

கிராணிமகன் · மார்ச் 11

எல்லாம் சரி. நான் முன்ன வேலை பார்த்த எஸ்டேட்ல அஞ்சு வருஷம் டர்னெரா இருந்துச்சு. ரோட்டு ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு, கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி. அதே அஞ்சு வருஷத்துல ரெண்டு தடவை பைப்புழு வந்து மரத்துல ஓட்டை போட்டு மருந்து ஏத்தினோம். நான் கேலிக்காகச் சொல்லல. அப்ப பூ என்ன பண்ணிச்சு?

பூச்சிக்கணக்கு · மார்ச் 11

நியாயமான கேள்வி. பூ ரோட்டுலருந்து எவ்வளவு உள்ள இருந்துச்சு? புழு எங்க தொடங்கிச்சு?

கிராணிமகன் · மார்ச் 11

பூ உள்ள இல்ல. புழு எப்பவும் பிளாக்கு நடுவுலதான் தொடங்கும்.

ஓய்வுமண்டோர் · மார்ச் 12

நான் சொல்றேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு.

தொரை உத்தரவு, பிளாக்குக்கு உள்ள பாரிட் ஓரமா டர்னெரா நடணும். நூறு நூறாப் பாலிபேக்ல கொண்டு வந்து நட்டோம். நாலு மாசத்துல அழகாப் பூத்துச்சு. அப்புறம் களைக்கொல்லி அடிக்கிற புது ஆளுங்க வந்தாங்க. ஏக்கர் கணக்குல சம்பளம், பாஷையும் வேற. யாரும் அவங்களுக்கு எது செடி எது களைன்னு காட்டல. நான்தான் காட்டியிருக்கணும், அன்னிக்கு என் பொண்ணுக்கு நிச்சயம், லீவுல இருந்தேன். திரும்பி வந்து பார்த்தா ரோட்டோரம் மட்டும் பூ, உள்ள அத்தனையும் கருகி நிக்குது. ரிப்போர்ட்ல "நடப்பட்டது"ன்னு இருந்துச்சு. பொய் இல்லையே, நட்டோமே.

கிராணி தம்பி பார்த்த எஸ்டேட்லயும் இப்படி நடந்திருக்கும்னு நான் பந்தயம் கட்டுவேன்.

அதனால பாரிட் தம்பி, செடி வாங்குறதுக்கு முன்னாடி களைக்கொல்லியைக் குறை. 11 வயசு மரம், மட்டை கூடி நிழல் கட்டியிருக்கும். டர்னெராவுக்கு வெயில் வேணும், உள்ள வராது. பாரிட் கரை, ரோடு, மரம் செத்து வெயில் விழுற இடம், அங்க மட்டும் நடு. உள்ளுக்கு என்ன பண்ணுவேன்னு கேட்டா, மரத்தைச் சுத்தி வட்டமும் குலை வெட்டப் போற பாதையும் மட்டும் சுத்தமா வை. மிச்ச இடத்துல முளைக்கிற மெல்லுசான களையை விட்டுரு. அசிஸ்டேசியா தெரியுமா, நாங்க "ரும்புட் இஸ்ராயேல்"னு திட்டித் திட்டி அடிப்போமே, அது நிழல்லயும் பூக்கும். அது தேன் குடுக்கிற செடின்னு இப்பதான் சொல்றாங்க. முப்பது வருஷம் அதை அடிச்சு அடிச்சே சம்பளம் வாங்கினேன்!

அல்லிவாசல் · மார்ச் 12

அண்ணே, அது கட்டுக்கு அடங்காமப் பரவாதா? உரத்தையெல்லாம் அதுவே தின்னுரும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.

ஓய்வுமண்டோர் · மார்ச் 12

இளம் மரத்துல தின்னும்மா, உண்மைதான். பெரிய மரத்துல வெட்டி விட்டாப் போதும். பாராங் கத்தி இருக்க விஷம் எதுக்கு? ரீப்ளாண்டிங் (மறுநடவு) பக்கத்துல தரையை மூட முக்குனா கொடி போட்டிருந்தா அதைத்தான் பார்த்துக்கணும். ஒரு மாசம் திரும்பிப் பார்க்கலன்னா நட்ட பூச்செடியையெல்லாம் போர்வை போட்டு மூடிரும்.

பாரிட்14 · மார்ச் 13

டர்னெராவுல எறும்பு மொய்க்குது, எஸ்டேட் ஓரம் போய்ப் பார்த்தேன். எறும்பு குளவியை விரட்டிராதா?

பூச்சிக்கணக்கு · மார்ச் 13

சில நேரம் விரட்டும். ஆனா செடி நிறைய இருந்தா எல்லாக் கிளையிலயும் எறும்பு காவல் நிக்காது. கெரெங்கா எறும்பு (முசுறு) இருந்தா அதுவே பைப்புழுவைப் பிடிச்சுத் தின்னும். குலை வெட்டுறவர்தான் உங்களைத் திட்டுவார்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லிடறேன். பூவுக்கு வர்ற எல்லாக் குளவியும் நம்ம ஆள் இல்ல. பெடியோபியஸ்னு ஒரு குட்டி இனம், அதுல சிலது நம்ம குளவியோட குஞ்சு மேலயே முட்டை வைக்கும். குளவிக்குக் குளவி. அதுக்கும் அதே தேன்தான். ஆனாலும் மொத்தத்துல கணக்கு நம்ம பக்கம் சாயறதைத்தான் நான் மட்டையில பார்க்கிறேன்.

பாரிட்14 · ஜூன் 29

ரொம்ப நாள் கழிச்சு வர்றேன். நடந்தது இது.

ஏப்ரல்ல குட்டிப் பை தெரிஞ்சதும் பாரிட் ஓரம் ரெண்டு வரிசைக்கும் அதை ஒட்டின மூணு வரிசைக்கும் பிடி அடிச்சோம். மிச்சத்துக்கு ஒண்ணும் அடிக்கல. கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு. துனாஸ் அதிகாரி வந்து பார்த்தார், எண்ணிப் பார்க்கிற முறை காட்டிக் கொடுத்தார்.

டர்னெரா 200 குச்சி, ஒரு சாண் நீளம், எஸ்டேட் மண்டோர் கேட்டதும் வெட்டிக் கொடுத்தார். பாலிபேக்ல வச்சு 160 பிழைச்சது. பாரிட் கரையில நட்டாச்சு. ஆடு புகுந்து ஒரு ஓரத்துல 30 போச்சு. கொடி ரோஜாவுக்கு பழைய பிவிசி பைப்புல பந்தல், மூலைக்கு ஒண்ணு. களைக்கொல்லி வட்டத்துக்கும் பாதைக்கும் மட்டும்.

அம்மா தோட்டத்தைப் பார்த்துட்டு "உங்கப்பா இருந்தா இந்தக் காட்டைப் பார்த்து அழுவார்"னாங்க. அப்பாவுக்குத் தரையில ஒரு புல் இருக்கக் கூடாது.

ஓய்வுமண்டோர் · ஜூன் 30

உங்கப்பா மட்டும் இல்ல. எங்க காலத்துல தரை மொட்டையா இருந்தாத்தான் நல்ல தோட்டம். தொரை காடியை விட்டு இறங்கிப் பார்த்ததே அதைத்தான்.

பாரிட்14 · நவம்பர் 16

இன்னிக்குக் காலையில வெட்டினது, 60 பை. உயிரோட 22. பக்கவாட்டு ஓட்டை 24. அரிசி நுனி 7. மத்தது காலி. மட்டைக்கு சராசரி 6 வருது. டர்னெரா இடுப்பு உயரம். எட்டரை மணிக்கு அங்க நின்னா, கொசுவா குளவியான்னு தெரியாத கறுப்புப் புள்ளி ஒண்ணு ஒவ்வொரு பொத்தானா இறங்கி இறங்கிப் போகுது. பத்து நிமிஷம் நின்னு பார்த்தேன். வீடியோ எடுத்தேன், எல்லாம் மங்கல்.

தீஞ்ச ரெண்டு வரிசையில குலை இன்னும் சின்னதாத்தான் வருது.

கிராணிமகன் · நவம்பர் 16

சந்தோஷம் பாரிட். ஆனா வம்பு பண்ணாம இருக்க முடியல. பிடியால குறைஞ்சதா, சைபர்மெத்ரினை நிறுத்தினதால குறைஞ்சதா, பூவாலயா? எது?

பாரிட்14 · நவம்பர் 17

பிரிச்சுச் சொல்லத் தெரியல அண்ணே. பிடி அடிக்காத வரிசையிலயும் ஓட்டை அதே அளவு இருக்கு, அது ஒண்ணு. ஆனா பூவுக்குப் பக்கத்துல 60 பை வெட்டினதையும், பூவுலருந்து தூரத்துல 60 பை வெட்டினதையும் தனித்தனியா எழுதி வைக்காம விட்டுட்டேன். அடுத்த சுத்துக்கு ரெண்டு நோட்டு போடறேன்.

பூச்சிக்கணக்கு · நவம்பர் 17

அதுதான் சரி. பூவுலருந்து எத்தனாவது மரம்னு நம்பரும் எழுதுங்க. மழை நாளையும் குறிச்சு வைங்க, மழைக்கும் புழு எண்ணிக்கை ஆடும். நான் இங்க அதே மாதிரி ஒரு பிளாக்குல தொடங்கறேன், பிப்ரவரியில ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அல்லிவாசல் · நவம்பர் 18

தம்பி, எங்க வீட்டுக்காரர் மனசு மாறிட்டார். டர்னெரா குச்சி 100 கிடைக்குமா? காசு குடுத்துடறோம்.

பாரிட்14 · நவம்பர் 18

காசு வேணாம் அக்கா. சனிக்கிழமை காலையில வாங்க, பத்து மணிக்கு முன்னாடி, அப்பதான் பூவையும் பார்க்கலாம். ஈரச் சாக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க, குச்சி வாடிரும். அப்புறம் ஒரு நகவெட்டி.